இரண்டு பேருக்குப் பத்து நிமிடம்

வாய்மொழித் தேர்வுக்கு இருவர் இருவராகத்தான் உள்ளே அழைப்பார்கள். ஒருவரோடொருவர் பத்து நிமிடம் இத்தாலிய மொழியில் பேச வேண்டும். நர்ஸுக்கு இது இரண்டாம் முறை. தேறினால்தான் இத்தாலியில் மருத்துவமனை வேலை. மூன்று வருடமாக அங்கே தனியாக இருக்கும் கணவனோடு குடித்தனம்.

போன தடவை, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் தமிழில் கட்டி, கடைசியில் நிற்கும் வினைச்சொல்லைப் பெயர்த்து முன்னால் நகர்த்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அதனால் இப்போது பன்னிரண்டு வாக்கியங்களை உருப்போட்டிருந்தாள். ஒப்பிக்கக் கேட்டவள் நாத்தனார்.

"ஏன் அண்ணி, வரிக்கு வரி 'இயோ, இயோ'ங்கறீங்க?"

"'நான்'னு அர்த்தம்."

"அது வினையிலேயே இருக்குன்னு புத்தகத்துல போட்டிருக்கே. நாமளும் 'வர்றேன்'னுதானே சொல்றோம்? எங்கண்ணன்கிட்டயும் இப்படித்தான் நான் நான்னு பேசுவீங்களா?"

"உதை வாங்கப் போறே!"

தேர்வன்று அவளுக்கு ஜோடியாக வந்தவர் ஒரு சமையல்காரர். ஆஜானுபாகுவான மனிதர்.

"சிஸ்டர், வாயே ஒட்டிக்கிச்சு. நீங்க பேசுங்க, நான் தலையாட்டுறேன்."

"தலையாட்டுனா மார்க் கிடையாதுண்ணே."

உள்ளே தேர்வாளர் அம்மா ஒரு அட்டையை நீட்டினார். 'நாளை இருவரும் ரயிலில் ஊர் சுற்றப் போகிறீர்கள். திட்டமிடுங்கள்.' நர்ஸ் உருப்போட்டதே அதுதான்! இரண்டு வாக்கியம் மடமடவென்று சொல்லிவிட்டாள். சமையல்காரர் தரையைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார். மீதிப் பத்தையும் சொன்னால் அவர் நேரமும் சேர்ந்து போய்விடும். கடவுள் அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது இதற்காகவா?

நிறுத்தினாள். 'நீ' என்று கேட்காமல், 'நீங்கள்' என்ற மரியாதைச் சொல்லைத் தேடி எடுத்து, "லெய், கோஸா குச்சீனா?" என்றாள். நீங்க என்ன சமைக்கறீங்க?

அவர் நிமிர்ந்தார். ரயிலில் சாப்பிட ரொட்டி, முட்டை, வெங்காயம் என்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. எத்தனை முட்டை, யார் நறுக்குவது என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். தப்பும் தவறுமாகத்தான் கேட்டாள். ஆனால் எதையும் தமிழில் கட்டவில்லை, அதற்கு நேரமில்லை.

"பெர் தூவே?" இரண்டு பேருக்கா?

"பெர் த்ரே!" மூன்று பேருக்கு என்று சொல்லி, அவர் தேர்வாளரைக் கைகாட்டினார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். நர்ஸ் தேறியிருந்தாள். சமையல்காரர் பேச்சில் மட்டும்.

"எழுத்துதான் போச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம் சிஸ்டர். நான் பேசிட்டேன், அது போதும் இன்னிக்கு!"

அவள் கணவனை போனில் அழைத்துச் சொன்னாள்.

"இங்க இருக்கறது ஒத்தை ரூம்தான். ஜன்னல் வச்ச வீடா பாக்கட்டுமா?"

"பாருங்க," என்றாள். "இன்னிக்கே போய்ப் பாருங்க."