மேட்டில் நிற்காத கியர்

தியோடர் இறந்த பின்பு அவருடைய காரை விற்றுவிடும்படி எல்லோரும் அவர் மனைவி பெர்னதெத்திடம் சொன்னார்கள். யுத்தத்துக்கு முன்பு சீமையிலிருந்து வந்த சின்னக் கறுப்புக் கார் அது. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார மேஜர் ஒருவரிடமிருந்து தியோடர் வாங்கியது. மருந்துக் கம்பெனி ஏஜெண்டாக ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி, ஆனேக்கல் என்று அலைந்தவருக்கு அந்தக் கார்தான் கால். அதற்குள்ளேயே அவர் உயிரும் போயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சந்தாபுராவுக்குக் கொஞ்சம் இப்பால், புளியமரத்தடியில் நின்றிருந்த காருக்குள் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து கிடந்தவரை லாரிக்காரர்கள்தான் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

பெர்னதெத் காக்ஸ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அழுகை அடங்கிய பிறகு அவளைப் பிடித்துக்கொண்டது ஒரே எண்ணம்தான். மனிதர் தனியாகச் செத்துப்போனார். கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆள் இல்லாமல், நட்டநடு ரோட்டில். பூசையில் முழங்காலிட்டிருக்கும்போதும், கரும்பலகையில் பின்னம் போட்டுக் காட்டும்போதும் அந்தப் புளியமரம் எதிரில் வந்து நின்றது. அவள் அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் அது வேறு வேறு மாதிரி இருந்தது. சில நாள் அதில் இலையே இருக்காது.

காரை விற்க அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஜெயராஜ், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், மைதானத்துக்குக் கூட்டிப்போய் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சமதரையில் கார் சொன்னபடி கேட்டது. லைசென்ஸ் வாங்கித் தனியாக எடுத்துக்கொண்டு போன முதல் நாள், அல்சூர் ஏரியைத் தாண்டி மேடு ஏறும்போதுதான் அது நடந்தது. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த கார் திடீரென்று இழுப்பதை நிறுத்தியது. இஞ்சின் மட்டும் வீலென்று கத்தியது. குனிந்து பார்த்தாள். கியர்க்கம்பி தானாகவே நகர்ந்து, நியூட்ரலில் வந்து நின்றிருந்தது. யாரோ மெதுவாகக் கைவைத்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் இதமாக ஒரு சூடு பரவியது. பல்வலிக்காகத் தியோடர் எப்போதும் வாயில் அடக்கிவைத்திருந்த கிராம்பின் வாசனை காருக்குள் இன்னும் போகவில்லை. அந்த வாசனைக்குள் உட்கார்ந்து, "வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு மேடு இருக்கும் ரோடாகப் பார்த்துப் போக ஆரம்பித்தாள். கியர் விழும். அவள் பேசுவாள். பள்ளிக்கூடத்துச் சங்கதி, மழை, கூரை ஓடு மாற்றியது எல்லாம் சொல்லுவாள். வீட்டில் வாய்க்கு வராத வார்த்தைகள் அங்கே தாமாக வந்தன. ஒரு நாள் கியர் விழுந்து கார் பின்னால் உருண்டு, ஒரு ஜட்கா வண்டிக் குதிரைமேல் மோத இருந்தது. அதைக் கேள்விப்பட்ட ஜெயராஜ் கண்டிப்பாக மெக்கானிக்கிடம் காட்டவேண்டும் என்று சொல்லி, அடுகோடியில் முனிராஜ் என்பவரின் ஷெட்டுக்கு அவளை அனுப்பினார்.

முனிராஜ் அவசரப்படாத மனிதர். முதலில் இஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரும் போட்டுப் பார்த்தார். பிறகு ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாம் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தன. அதனால் கிளட்ச் சரியாக இருக்கிறது என்றார். கியர்ப்பெட்டி எண்ணெயைப் பார்த்தார், அளவாக இருந்தது. கம்பியின் அடிப்பகுதியை ஆட்டிப் பார்த்தார். தேய்மானம் இருந்தது, ஆனால் இவ்வளவு தொல்லை கொடுக்கும் தேய்மானம் இல்லை. பிறகு பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினார்.

"கியர் போடறதுல தொந்தரவே இல்ல டீச்சரம்மா. போட்ட எடத்துல நிக்கறதுலதான் தொந்தரவு," என்றார்.

உள்ளே ஒரு இரும்புக் கோலி, அதை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். அந்தப் பிடிமானம் இருந்தால்தான் மேட்டில் பாரம் ஏறும்போது கியர் இடம்விட்டு நகராது. ஸ்பிரிங் இரண்டாக முறிந்திருந்தது. துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முறிந்த முனைகள் உராய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. நேற்று இன்று முறிந்ததில்லை, ஸார் வருஷக்கணக்காக இப்படியேதான் ஓட்டியிருக்கிறார், கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது தியோடரின் இடது கை கியர்க்கம்பியைவிட்டு நகராது என்பது பெர்னதெத்துக்கு ஞாபகம் வந்தது. பழக்கம் என்று நினைத்திருந்தாள். முனிராஜ் வேறு ஸ்பிரிங் தேடிப் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம், அப்படியே மூடிவிடுங்கள் என்றாள் அவள்.

"பேடம்மா," என்று கன்னடத்தில் தடுத்தார் முனிராஜ். "மேட்டுல ஒரு நாள் கை விட்டுச்சுன்னா வண்டி உங்களுது இல்ல."

அவள் கேட்கவில்லை. அந்த ஸ்பிரிங்கைப் போட்டால் தியோடர் வருவதற்கு வழியிருக்காது என்று எப்படி அவரிடம் சொல்ல முடியும்?

ஆடி மாதம் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஒத்திகை நாளன்று சாயங்காலம் மழை கொட்டியது. பஸ் ஒன்றும் வரவில்லை. தையல் டீச்சர் பிரிஜெட்டுக்கு அடுகோடியில் வீடு. அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். கலியாணம் ஆகவில்லை. பெர்னதெத் பலமுறை கூப்பிட்டும் அவள் அந்தக் காரில் ஏறியதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லுவாள். புதிதாக ஓட்டப் படித்தவளோடு வரப் பயம் போல என்று பெர்னதெத் சிரித்துக்கொள்வாள். அன்றைக்குத் பள்ளித் தலைமைக் கன்னியாஸ்திரியே இருவரையும் ஒன்றாகப் போகச் சொல்லிவிட்டார். பிரிஜெட் தையல் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஓசூர் ரோட்டில் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி மேடு வந்தது. முன்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து ரோடு தெரியவில்லை. பெர்னதெத் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். கியர்க்கம்பி நடுங்கத் தொடங்கியது. விழப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

விழவில்லை.

பிரிஜெட்டின் வலது கை வந்து கம்பியைப் பிடித்திருந்தது. அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டில் வந்திருந்தது. குமிழுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரலைப் பின்னால் கொடுத்து, சிரமமே இல்லாமல் முன்பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். ஒரு நாளில் வரும் பழக்கம் இல்லை அது.

பெர்னதெத்தின் பார்வை பட்டதுபோல் பிரிஜெட் திரும்பினாள். தன் கையைத் தானே பார்த்தாள். எடுக்கப் போனாள்.

"எடுக்காதே," என்றாள் பெர்னதெத். "மேடு இன்னும் முடியல."

மேடு முடிகிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உச்சிக்கு வந்ததும் பெர்னதெத் காரை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினாள். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

பிரிஜெட் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். சனிக்கிழமைகளில் சந்தாபுராவில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்கப் போவாளாம். அந்தப் பக்கம் போகிறவர் என்பதால் தியோடர் ஏற்றிக்கொள்வார். மேடு வரும்போது கியரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுவார். "நீங்க நெனைக்கிற மாதிரி..." என்று தொடங்கி நிறுத்தினாள். பெர்னதெத் அதை முடிக்கச் சொல்லவில்லை. முடித்தாலும் நம்பவும் முடியாது, நம்பாமலிருக்கவும் முடியாது. அவள் நெஞ்சில் குத்தியது வேறு. இத்தனை வருஷம் அதே இடத்தில், அதே இடது பக்கத்து ஸீட்டில் பெர்னதெத்தும்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதைக் கொஞ்சம் பிடி என்று அவளிடம் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பெர்னதெத் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கும் இருந்தியா?"

பிரிஜெட் தலையைக் குனிந்துகொண்டாள். "இருந்தேன்."

மீதியை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். இடது தோள் வலிக்கிறது என்றாராம். அவரே காரை மரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். முகமெல்லாம் வியர்வை. தண்ணீர் வேண்டும் என்றார். காரில் தண்ணீர் இல்லை. வயலுக்கு அப்பால் ஒரு வீடு தெரிந்தது. பிரிஜெட் ஓடினாள். அந்த வீட்டில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். அதற்குள் காரைச் சுற்றி லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தலை தொங்கியது. நீ யாரம்மா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் சொம்போடு நின்றாள். லாரி போன பிறகு அப்படியே நடந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"தினமும் ஓடறேன் டீச்சர்," என்றாள். "கண்ணை மூடினா ஓடறேன். போய்ச் சேரவே மாட்டேங்குது."

பெர்னதெத் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள்.

அதன் பிறகு கார் மாறிவிட்டது. மேட்டில் கியர் நடுங்கும்போது தியோடர் வரவில்லை. இடது பக்கத்து ஸீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிற கனம்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது தன் கைகள்தானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. கிராம்பு வாசனை குமட்டியது. அவள் முனிராஜிடம் போனாள். அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல், பழைய காரொன்றின் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கை அளவாக வெட்டிப் போட்டு, கோலியையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். அடுகோடி மேட்டில் ஓட்டிக் காட்டினார். கியர் ஆணி அடித்தாற்போல் நின்றது.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். ஆகவில்லை. எந்த மேட்டிலும் யாரும் வரவில்லை, எதுவும் அசையவில்லை. ஆனால் புளியமரம் மட்டும் வந்தது. முன்பு அதனடியில் ஒருவர் இருந்தார். இப்போது வயலில் ஒருத்தி ஓடிக்கொண்டும் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப்போகும்போது பார்த்துக்கொள்வதில்லை. பிரிஜெட் மெலிந்துகொண்டே வந்தாள். ஊசியில் நூலைக் கோக்க முடியாமல் அவள் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுப்பதை ஒரு நாள் பெர்னதெத் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் அடுகோடிக்குப் போய் பிரிஜெட்டின் வீட்டுக் கதவைத் தட்டினாள். வா, அந்த இடத்தைக் காட்டு என்றாள். பிரிஜெட் மறுக்கவில்லை.

மரம் சின்னது. அவள் நினைத்துவைத்திருந்த எந்த மரம்போலவும் இல்லை. சாதாரணமாக இலை விட்டு, சாதாரணமாக நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் நிறுத்திய இடம் எது என்று கேட்டு, அங்கேயே காரை நிறுத்தினாள். ராகி வயலுக்கு அப்பால் ஓட்டுவீடு ஒன்று தெரிந்தது. வீட்டைச் சுற்றிக் கள்ளிவேலி.

"போய்த் தண்ணி வாங்கிட்டு வா," என்றாள் பெர்னதெத். "நான் இங்கயே இருக்கேன்."

பிரிஜெட் அவளைப் பார்த்தாள். பிறகு இறங்கி, வரப்பில் நடக்கத் தொடங்கினாள். பத்தடி போனதும் அந்த நடை ஓட்டமாக மாறியது.

பெர்னதெத் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் உட்கார்ந்த இடம். இங்கிருந்து வரப்பு முழுவதும் தெரிந்தது. ஓடுகிற முதுகு தெரிந்தது, காற்றில் பறக்கும் முந்தானை தெரிந்தது. தனக்காக ஒருத்தி ஓடுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பார். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. எரிச்சலும் வந்தது. இரண்டையும் அவளால் பிரிக்க முடியவில்லை.

பிரிஜெட் கள்ளிவேலிக்குப் பின்னால் மறைந்தாள்.

அதன் பிறகு வயலில் யாரும் இல்லை. ரோட்டில் வண்டி ஒன்றும் வரவில்லை. ராகிப் பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. வெயில் பானெட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. காருக்குள் எந்தச் சத்தமும் இல்லை, அவள் மூச்சுதான். அவள் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா, சீக்கிரம் வா என்று தன் உதடுகள் முணுமுணுப்பதை அவளே கேட்டாள். அது தன் குரல்தானா என்று நிச்சயமாக அவளால் சொல்ல முடியவில்லை.

பிறகு வேலியோரம் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பிரிஜெட் வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் சொம்பை ஏந்திக்கொண்டு, தண்ணீர் தளும்பிச் சேலையை நனைக்க, வரப்பில் தடுமாறித் தடுமாறி ஓடிவந்தாள். பெர்னதெத் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அவளை நோக்கி நடந்தாள்.