விலக்குப் பட்டியலில் ஒரு பெயர்

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டான். மற்ற நாட்களில் கொடியிலிருந்து கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு போகிறவன், இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை வரும் இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் முகம் மழித்து, காலரைத் தேய்த்து, செருப்பைக்கூடத் துடைத்துக்கொள்வான். யாரும் நேரில் வரப்போவதில்லை. பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு மெயில் வரும், அவ்வளவுதான். மெயிலுக்குக் கண் உண்டா என்ன? இருந்தாலும் கசங்கிய சட்டையோடு அதைத் திறக்க அவனுக்கு மனசு வரவில்லை. எழுதுகிறவள் அவனுடைய மனைவி. அவள் வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தன.

அவனுக்கு வேலை கெர்னலோடு. கணினியின் அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டு மற்ற நிரல்களுக்கெல்லாம் படியளக்கும் நிரல் அது. அதனிடம் வெளி நிரல்கள் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதி வைத்த கோப்புகளை ஹெடர் என்பார்கள். ஆயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. கெர்னலின் ஒவ்வொரு புது வெளியீட்டுக்கும் முன்னால், ஒவ்வொரு ஹெடரையும் தனியாக எடுத்து, துணைக்கு ஒன்றும் இல்லாமல் கம்பைல் ஆகிறதா, அதாவது கணினி அதைப் பிழையில்லாமல் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் அவன் பொறுப்பு. கெர்னலுக்குள் இருக்கும்வரை எல்லாமே சமர்த்துப் பிள்ளைகள். வெளியே போனதும் சிலது திருதிருவென்று விழிக்கும். வீட்டுக்குள் மட்டும் புழங்கும் செல்லப்பெயரைச் சொல்லித் தெருவில் ஆள் தேடினால் யாருக்குத் தெரியும்? அப்படி விழிப்பவற்றை ஒரு விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டால், சோதனை அவற்றைத் தொடாமல் தாண்டிப் போய்விடும்.

அவன் கைக்கு வந்தபோது அந்தப் பட்டியலில் அறுபத்து மூன்று பெயர்கள் இருந்தன. யார் யாரோ எழுதிவிட்டுப் போன பழைய கோலங்கள். ஒவ்வொன்றாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சரி செய்தான். அலுவலகத்தில் அவனுக்கு 'சுத்தம்' என்று பெயரே விழுந்துவிட்டது. அவன் மேஜையைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டேதான் அப்படிக் கூப்பிட்டார்கள். இப்போது பட்டியலில் மிச்சம் ஒன்றே ஒன்று. வெப்பநிலை அளக்கும் கருவி ஒன்றுக்கான ஹெடர். அதை எழுதியவன் அவனேதான், கல்யாணமான புதிதில். பக்கத்து மேஜைக்காரனை எல்லோரும் நெட்டை என்பார்கள். அவன் ஒருநாள், "ஊரான் கோப்பெல்லாம் சரி பண்ணிட்டீங்க, உங்களோடத மட்டும் ஏன் ஊறப் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். பார்க்கலாம் என்று சொல்லி இவன் மழுப்பிவிட்டான்.

மனைவி வேலை பார்ப்பது, மருந்துகள் வைக்கும் குளிர் அறைகளுக்கு அலாரம் செய்யும் நிறுவனத்தில். அந்தக் கருவிகளுக்கு இந்த ஹெடர் வேண்டும். புது வெளியீடு வந்த மறு செவ்வாயன்று அவளிடமிருந்து மெயில் வரும்: இந்த ஹெடர் இன்னும் தனியாகக் கம்பைல் ஆகவில்லை, தயவுசெய்து கவனிக்கவும். அடுத்த வெளியீட்டில் பார்க்கிறேன் என்று இவன் பதில் போடுவான். நன்றி என்று ஒற்றைச் சொல் திரும்பி வரும். அந்த நன்றியை வைத்துக்கொண்டு அடுத்த இரண்டரை மாதத்தை அவன் ஓட்டினான். இப்படிப் பத்து மெயில்கள் வந்திருந்தன. கோப்பைச் சரி செய்துவிட்டால் அவளுக்கு எழுதக் காரணம் இருக்காது. அதனால் அதை அவன் தொடவே இல்லை.

பத்து இருபதுக்குப் பதினோராவது வந்தது. தலைப்பை இரண்டு தடவை படித்தான். அது புகார் இல்லை, பேட்ச்; அப்படியே சேர்த்துக்கொள்ளத் தயாரான திருத்தம். அவளே திருத்தி அனுப்பியிருந்தாள். ஹெடரில் மூன்று வரி மாற்றம். விலக்குப் பட்டியலில் ஒரு வரி நீக்கம். கீழே, இந்த வாரத்தோடு தான் இந்த நிறுவனத்தை விட்டுப் போவதாகவும், இனிமேல் தனக்குப் பதிலாக இன்னொருவருக்கு எழுதவும், அவருடைய முகவரி இது என்றும் இரண்டு வரி.

அவன் பேட்சில் குற்றம் தேட ஆரம்பித்தான். ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும், திருத்தி அனுப்பச் சொல்லலாம். இன்னொரு மெயில் வரும். வரிக்கு வரி, இடைவெளிக்கு இடைவெளி, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். முப்பத்திரண்டு பிட், அறுபத்து நாலு பிட் என்று இரண்டு வகைக் கணினியிலும் போட்டுப் பார்த்தான். நெட்டை சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றான். அவள் வேலையில் தப்பு இருந்தால்தானே கிடைக்கும்? பேசாமல் ஒன்றை இட்டுக்கட்டினால் என்ன என்றுகூடத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். அவளைக் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சொல்லு" என்றாள், இரண்டாவது மணியிலேயே.

"பேட்ச் வந்துது."

"ஏதாவது தப்பா?"

"இல்ல. என்ன மாத்தணும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத மெயில் போட்டப்பவே தெரியும். மூணு வரிதானே."

"அப்புறம் ஏன் நீ அனுப்பல?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பேசுவதற்குத் தனியிடம் தேடிப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"நீ பண்ணுவேன்னு பார்த்தேன்" என்றாள். "நான் கேட்ட ஒண்ணையாவது, ஒரு தடவையாவது, நீயா பண்ணிட்டா திரும்பி வந்துடலாம்னு வெச்சிருந்தேன். ஒவ்வொரு வெளியீடு வந்தப்பவும் அந்த விலக்குப் பட்டியலைத்தான் மொதல்ல திறந்து பார்ப்பேன்."

அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு தடவை வந்து பாரேன், அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று அவள் மூன்று நாள் தொடர்ந்து கூப்பிட்டாள். இந்த வெளியீடு முடியட்டும், பார்க்கலாம் என்றான். அவன் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை; கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறான். நாலு மாதம் கழித்து இரண்டு பெட்டிகளோடு அவள் கிளம்பியபோது, ஒரு பெட்டியை இவன்தான் கீழே தூக்கிக்கொண்டு வந்தான். டாக்ஸி ஜன்னல் வழியாக, எப்போதாவது வருவாயா என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் என்றான். வாய் அப்படிப் பழகியிருந்தது.

"நான் அதை விட்டு வெச்சதே" என்றான், "நீ எழுதணும்னுதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதை ஒரு பதில்ல எழுதியிருக்கலாமே" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு பேசியிருப்பான். "நான் வேற நாட்டு வேலைக்குப் போறேன். கையெழுத்துப் போட்டாச்சு. இன்னைக்கே அதைச் சேர்த்துடு. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்த ஆபீஸ் மெயில் எனக்கு வராது. சேர்ந்துடுச்சான்னு நான் பார்த்துட்டுப் போகணும்."

பார்க்கலாம் என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "இப்பவே சேர்க்கறேன்" என்றான். சரி என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து பேட்சைச் சேர்த்தான். விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தான். காரணம் சொல்லாமல் இங்கே எதையும் சேர்க்காதீர்கள் என்று அவனே மேலே எழுதிவைத்த குறிப்பு மட்டும் இருந்தது. சேர்த்துவிட்டேன் என்று அவளுக்கு எழுதினான். அரை நிமிடத்தில் நன்றி என்று வந்தது.

நெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியும் போயிடுச்சா என்று அவன் முதுகில் தட்டினான். இவன் தலையாட்டினான்.

சோதனையை ஓடவிட்டான். ஹெடர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அவனுடைய கோப்பின் பெயர் அதில் வந்ததில்லை. இன்றைக்கு வரும். இமைக்காமல் காத்திருந்தான். எங்கே வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை; பிழை எதுவும் இல்லாமல் பட்டியல் முடிந்து, கீழே கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரைப் பார்ப்பதற்காக மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டான்.