மேஜர் காவல் காத்த பகல்

நான் ரிடையரான மறுநாள் காலையில் என் வீட்டு நாய் என்னைத் தெருவுக்குத் துரத்திவிட்டது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், வேட்டி கிழிந்தது எனக்குத்தானே.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். காலையில் முதல் சங்கு ஊதினால் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். சாயங்காலம் அஞ்சு மணிச் சங்குக்குப் பிறகு வீட்டுக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போய், ஆராதனை முடிந்ததும் அப்படியே சீட்டாடப் போய்விடுவேன். ஆக, பகல் நேரத்தில் என் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கே சரியாகத் தெரியாது. மேஜருக்குத் தெரியும்.

மேஜர், என் மகன் பட்டாளத்துக்குப் போகுமுன் குட்டியாக வாங்கிவந்த நாய். எங்கள் ஊர் ஜாதி. வெள்ளை வெளேரென்று உடம்பு, ரோஸ் நிறத்தில் மூக்கு. சோறு போடுவது என் மனைவி பரிபூரணம். ஆகவே அதற்கு எஜமான் அவள் ஒருத்திதான். நான் அதற்கு யார் என்றால், சங்கு ஊதினால் போகிறவன், சங்கு ஊதினால் வருகிறவன். அவ்வளவே. அப்படித்தான் அது என்னை மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

தொண்ணூற்றிரண்டில் எனக்கு மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு ஜம்மென்று உட்கார்ந்தேன்.

"ஏட்டி, இந்த டப்பாவெல்லாம் ஒரு வரிசையில இல்லையே. மில்லுல இப்பிடி வச்சா சீட்டைக் கிழிச்சிருவான். இனிமே நான் வீட்டுலதான இருக்கப்போறேன், எல்லாத்தையும் ஒழுங்குக்குக் கொண்டாறேன் பாரு" என்றேன்.

பரிபூரணம் ஒரு டப்பாவை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். முதல் சங்கு ஊதியது. நான் எழவில்லை. மேஜர் வந்து என் முன்னால் நின்று முகத்தைப் பார்த்தது. பிறகு வாசலைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. மில் மேற்பார்வையாளர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. "போ அங்கிட்டு" என்று அதட்டினேன். உர்ரென்று வேட்டியைக் கவ்விக்கொண்டு இழுக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வேட்டி அதன் வாயில் இருந்தது, நான் அண்டர்வேரோடு தெருவில் இருந்தேன்.

பரிபூரணம் மதிலுக்கு மேலாக வேறு வேட்டி ஒன்றை நீட்டினாள். கூடவே தூக்குச்சட்டியையும் நீட்டினாள்.

"போயிட்டு வாங்க" என்றாள், பழக்கத்தில்.

எங்கே போக? ராஜபாளையத்தில் எந்தக் கடை வாசலில் உட்கார்ந்தாலும் தெரிந்தவன் வருவான், என்ன அண்ணாச்சி இங்க என்பான். அதனால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்த் தேரடியில் உட்கார்ந்தேன். அங்கே மத்தியானம் சோறு தின்றேன். ரிடையரானவன் ஆபீஸுக்குப் போவதுபோல் பக்கத்து ஊர்த் தேரைப் பார்க்கப் போகிறான். வெட்கக்கேடு. சாயங்காலம் அஞ்சு மணிச் சங்கு ஊதிய பிறகு தெருவுக்குள் நுழைந்தேன். மேஜர் கேட் அருகே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நல்லவன் வந்துட்டான் என்று முகம் முழுக்கச் சந்தோஷம்.

மறுநாளும் அதே கதைதான். சங்கிலி போட்டுப் பார்த்தேன். நாள் முழுக்க ஊளையிட்டது. தெருவில் யார் வீட்டில் சாவு விழப்போகுதோ என்று எதிர்வீட்டு சண்முகத்தாய் சண்டைக்கு வந்துவிட்டாள். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால், எல்லையில் பனியில் நிற்கிற மகன் முகம் கண்ணுக்குள் வந்தது.

தேரடியில் மொக்கைச்சாமி என்று ஒரு பழைய போலீஸ் ஏட்டு பழக்கமானார். அவரும் பகல் முழுக்க அங்கேதான் இருப்பார்; ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் கேஸை விசாரித்தார்.

"ஏலே தவசிமுத்து, நாய் மோப்பத்துலதான்லே ஆளக் கண்டுபிடிக்கும். ஒன் மேல மிசின் எண்ணெய் வாடை போயிருச்சு. அம்புட்டுதான் விசயம்."

அவர் பேச்சை நம்பி மிஷின் எண்ணெயை உடம்பெல்லாம் தேய்த்து, பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போனேன். மேஜர் மோந்து பார்த்தது. நான்தான் என்று அதற்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்துதான் காக்கிச் சட்டையைக் கிழித்தது. வேலை நேரத்தில் வீட்டுக்கு ஓடிவருகிறானே என்று அதற்குக் கோபம். அன்று தேரடிக்குத் திரும்பிப் போகும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயுசு முழுக்க உழைத்துக் கட்டிய வீடு. அதில் பகலில் ஒரு தூக்கம் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இப்படியே மழைக்காலம் வந்தது. ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போலத் தெருமுனை டீக்கடையில் சங்குக்காகக் காத்திருந்தேன். அஞ்சு மணி ஆயிற்று. சங்கு ஊதவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. விளக்கும் போட்டுவிட்டார்கள்.

"இன்னிக்கு என்ன, சங்கக் காணோம்?" என்றேன்.

"வெவரம் தெரியாதா அண்ணாச்சி? மில்லுல தகராறு முத்தி, மத்தியானம் கேட்டப் பூட்டிட்டாங்க. இனிமே சங்கு ஏது?" என்றார் டீக்கடைக்காரர் வைகுண்டராஜ்.

டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். உள்ளே வேலை பார்த்தவர்கள் தங்கள் பிழைப்பை நினைத்துக் கலங்கியிருப்பார்கள். நான் கலங்கியது என் வீட்டு வாசலை நினைத்து.

போனேன். கேட்டைத் தொட்டதுமே மேஜர் பல்லைக் காட்டியது. மழை வலுத்தது. வேறு வழி தெரியவில்லை. கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு, அறுபதை நெருங்குகிற ஆள், பேரன் பேத்தி எடுத்தவன், நடுத்தெருவில் நின்று "ஊஊஊ" என்று மில் சங்கு மாதிரி ஊதினேன். தெருநாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. சண்முகத்தாய் வீட்டுச் சன்னலில் நான்கைந்து தலைகள் தெரிந்தன. மேஜர் மட்டும் அசையவில்லை.

கதவு திறந்தது. பரிபூரணம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தாள். கேட்டைத் திறந்து, என் கையைப் பிடித்தாள். கோயிலில் மோதிரம் மாற்றிய அன்றைக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான். அப்படியே உள்ளே கூட்டிப் போனாள். மேஜர் எங்கள் இரண்டு பேர் கையையும் மோந்து பார்த்தது. பிறகு போய்ச் சாக்கில் சுருண்டு படுத்துக்கொண்டது.

நான் தலையைத் துவட்டாமல் நின்றேன்.

"ஏட்டி, கையப் பிடிச்சுக் கூட்டியாந்தா அது விட்டுரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மொத நாளே தெரியுமா?"

"மொத நாளே தெரியும்" என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒழுங்குக்குக் கொண்டாறேன்னு சொன்னீங்க பாருங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. நீங்க வேலைக்குப் போன காலமெல்லாம் இந்த வீட்டுல பகலு என்னோடது. நெனச்சா சாப்பிடுவேன், நெனச்சா படுப்பேன், தனியாப் பாட்டுப் படிப்பேன். அதுவும் போச்சேன்னு இருந்தேன். நாய் வெரட்டுச்சு. நல்லதாப் போச்சுன்னு பேசாம இருந்துட்டேன்."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவள் பாட்டுப் படிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் வந்து கூட்டியாந்த? மழை பெய்யுதேன்னா?"

"மழைக்கா?" என்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "சங்கு ஊதல. எந்நேரம் வருவீக, எங்க நிக்கீக, ஒன்னுமே தெரியல. அஞ்சு மணியிலயிருந்து உலையும் வைக்காம சன்னலுக்கும் கதவுக்குமா அலையுதேன். இனி தெனமும் இப்பிடி எதிர்பாத்துக்கிட்டுக் கெடக்க என்னால ஏலாது. பேசாம உள்ளயே இருங்க."