மாமாவின் மைனஸ் பதினெட்டு

என் அக்கா புருஷனுக்குத் தொண்டைதான் சொத்து. கிடங்கு முற்றத்தில் கிரேன் லோடைத் தூக்கிக்கொண்டு நகரும்போது முன்னால் நடந்துபோய் ஆட்களை விலகச் சொல்லிக் கத்துவது அவர் வேலை. இருபது வருடமாகக் கத்துகிறார். அவர் கத்தினால் லாரிக்கு அடியில் தூங்குகிற டிரைவர்கூட எழுந்து நிற்பான். முற்றத்தில் அவருக்குச் 'சங்கு' என்று பெயர். அங்கேயே மூட்டை தூக்குகிற நான் மாமா என்பேன்.

போன மாதம் மாமாவின் முழங்கால் வீங்கிக்கொண்டது. கிரேனுக்கு முன்னால் நடக்க முடியவில்லை. மேனேஜர் ஒரு வழி சொன்னார். முற்றத்தைச் சுற்றி ஒலிபெருக்கி, எடைமேடை அறையில் ஒரு பொத்தான், கிரேன் நகரும்போதெல்லாம் பதிவு செய்த எச்சரிக்கை. மாமாவின் குரல் நன்றாகப் பதிவானால் பொத்தானை அழுத்துகிற நாற்காலியும் மாமாவுக்குத்தான். இல்லாவிட்டால் எங்கோ விலைக்குக் கிடைக்கும் ஒரு பெண் குரலைப் போட்டுப் பொத்தானைக் கிரேன் டிரைவரிடம் கொடுத்துவிடுவார். மாமா மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அந்தக் காலோடு ஒரு வாரம் தாங்க மாட்டார்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீயும் கூடப் போ. உங்க மாமா வாயத் திறந்தா நல்லாத்தான் இருக்கும். திறக்கிறதுக்கு முன்னாடி வம்பு பண்ணுவாரு."

மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. நானும் நாற்பதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். மேனேஜர் எழுதிக் கொடுத்ததை நான் காதில் சொல்ல, மாமா திருப்பிச் சொல்வதாக ஏற்பாடு.

எடைமேடை அறையில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஒரு இன்ஜினியர் பெண் ரெகார்டரை மேசைமேல் வைத்தாள். முதலில் ஒரு 'பீப்' சத்தம் ஓடவிட்டாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று எழும்பி ஒரே இடத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் மைனஸ் பதினெட்டு என்றிருந்தது. சாதாரணப் பேச்சு நிற்க வேண்டிய இடம் அதுதானாம். ஆக உச்சியில் பூஜ்யம். அதற்கு மேல் இந்த இயந்திரத்தில் இடமே கிடையாதாம்.

பிறகு மாமாவைப் பேசிக் காட்டச் சொன்னாள். மேனேஜர் கைகட்டி நின்றுகொண்டிருந்ததால் மாமா ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசுகிற மாதிரி பேசினார். கிரேன் வருகிறது, கொஞ்சம் தள்ளி நின்றால் நல்லது என்றார். அவள் ஒரு திருகைத் திருகி, அந்தக் குரல் மைனஸ் பதினெட்டில் நிற்கும்படி வைத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று மாமா என்னைக் கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"மைனஸா? ஒண்ணுமில்லாததுக்கும் கீழ பதினெட்டா? என் தொண்டைக்கா?"

மைனஸ் என்பது மட்டமில்லை, உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்கிற கணக்குதான் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். மாமா காதில் விழவில்லை. குறைந்தது பூஜ்யத்தையாவது தொட்டே தீருவது என்று முடிவு பண்ணிவிட்டார். பதிவு தொடங்கியதும் நெஞ்சை நிமிர்த்தி ஒரு கத்துக் கத்தினார். திரை முழுக்கச் சிவப்பு.

திருப்பிப் போட்டுக் கேட்டோம். துருப்பிடித்த தகரத்தை நாலு பேர் பிடித்துக் கிழிக்கிற மாதிரி இருந்தது. சத்தத்தின் உச்சி வெட்டுப்பட்டுப் போய்விட்டது, வெட்டுப்பட்டதை ஒட்டவைக்க முடியாது என்றாள் அவள்.

மாமாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா மாப்ள, மெஷினே தாங்கல."

அவள் திருகை இறக்கினாள். இப்போது மாமாவின் சாதாரணப் பேச்சு மைனஸ் முப்பத்திரண்டில் நின்றது. ஒரு தடவை முழுசாகக் கத்திக் காட்டினால் அளவு வைத்துக்கொள்வேன் என்றாள். லோடும் இல்லாமல் ஆளும் இல்லாமல் சும்மா எப்படிக் கத்துவது என்றார் மாமா. பதினெட்டு முப்பத்திரண்டு ஆனதில் மனசும் விட்டுப்போய், இரண்டாவது தடவை முனகினார். அந்தப் பதிவின் சத்தத்தை அவள் தூக்கிவிட்டுப் பார்த்தாள். குரலோடு குளிர்பெட்டியின் ரீங்காரம், கூரைப் புறாக்கள், மேனேஜரின் வயிறு உறுமியது எல்லாமே சேர்ந்து எழும்பி வந்தன.

மேனேஜர் பெண் குரலுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தார். மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் பக்கம் குனிந்தேன்.

"மாமா, நம்ம கிடங்கு வாசல்ல குறுக்க இருக்கிற இரும்புக் கம்பி எவ்வளவு உசரம்?"

"பதினாலடி."

"நீ லோடு எவ்வளவு உசரம் கட்டச் சொல்லுவ?"

"பதிமூணு."

"ஏன், இன்னும் ஒரு அடி ஏத்தத் தெம்பு இல்லையா?"

"லூசாடா நீ? வேகத்தடையில வண்டி குதிச்சா மேல் மூட்டை கம்பியில மாட்டிக் கிழிஞ்சிரும்ல."

சொன்னவர் திரையைப் பார்த்தார். "அப்ப அந்தப் பூஜ்யந்தான் கம்பியா?"

அரை மணி நேரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள் இன்ஜினியர்.

"கம்பின்னு ஒரு வார்த்த சொல்லலியேம்மா நீ" என்று மாமா அவளை மன்னித்தார்.

மேனேஜர் போனை இறக்கினார். ஆனாலும் வெறும் சுவரைப் பார்த்துக் கத்த மாமாவுக்கு வரவில்லை. நான் வெளியே போனேன். முற்றத்தில் கிரேன் ஒரு கட்டு மூட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தது. நேராக அதற்கு அடியில் போய் நின்று, நிதானமாகக் காது குடைந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மாமா எழுந்திருப்பது தெரிந்தது.

"கிரேன் வருது! விலகுடா எருமை! தலைக்கு மேல லோடு!"

சாத்திய ஜன்னலைத் தாண்டி வந்தது. நானும் இன்னும் நாலு பேரும் ஓடினோம்.

அவள் ரெகார்டரை நிறுத்தாமல் விட்டிருந்தாள். கோடு கம்பிக்கு நாலு எண் கீழே வந்து நின்றிருந்தது. எங்கேயும் வெட்டில்லை, ஒவ்வொரு எழுத்தும் கணீரென்றிருந்தது. எழுதிக் கொடுத்த வரியை அதேபோல் சொல்லவைக்க ஏழு தடவை முயன்றாள். ஏழும் இரங்கல் கூட்டத்தில் பேசியதுபோல் இருந்தன. அந்த எருமையை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார் மேனேஜர். அவள் எடுத்துப் பார்த்தாள். கத்தல் நடுவில் கால் தடுக்கி விழுந்தது.

'பீப்'பை ஓட்டி முற்றத்து ஒலிபெருக்கியை அதே அளவுக்குச் சரி செய்துவிட்டு, இரண்டையும் போட்டுக் காட்டினாள். எருமை இல்லாததற்கு இரண்டு பேர் தலை நிமிர்ந்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். எருமை இருந்ததற்கு முற்றமே காலியானது. வாசலில் நின்ற மேனேஜரும் இரண்டடி தள்ளிக் குதித்தார். சட்டையைச் சரி செய்துகொண்டு, "இதையே போடு" என்றார்.

மாமா அன்றைக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை பொத்தானை அழுத்துகிறார். அக்காவிடம் முறையிட்டேன். அது யாரைச் சொன்னதென்று ஊருக்கா தெரியும் என்கிறாள். ஊருக்கே தெரியும். அழுத்துவதற்கு முன்னால் மனுஷன் ஜன்னல் வழியாக என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அழுத்துகிறார்.