அரைக் காட்டேரியின் கடி

அவன் வரைபட அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். கோடு ஒரு நூல் விலகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வரைவான். அந்தக் கறார்தான் மருந்துக்கடைக்காரியான இவளுக்கு அவனிடம் பிடித்துப்போனது. அது அலுவலக வாசலோடு நின்றுவிடும் சரக்கு என்று அப்போது யார் கண்டது!

அன்று சனிக்கிழமை. மறுநாள் இருவீட்டாரும் கூடி இவர்கள் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாக ஏற்பாடு. அதற்குள், தாங்கள் தனிக்குடித்தனம் போகப்போவதைத் தன் அக்காவிடம் சொல்லிவிடுவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். "விளையாட்டு முடியட்டும், சொல்லிடறேன்" என்றான், மாத்திரை விழுங்கப்போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

விளையாட்டு என்றால் சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கும் கதை. அவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். சட்டதிட்டங்களும் அவன் வகுத்தவைதான். இவள் காயத்துக்குக் கட்டுப்போடும் வைத்தியச்சி. அக்கா, அரைக் காட்டேரி. அத்தான் ஏதோ மந்திரவாதி, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

அரைக் காட்டேரிக்கென்று சட்டம் தெளிவாக இருந்தது. பகடை போட்டு முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும். பிடி நின்றால், அடுத்த முறைதான் கடி. குடித்த ரத்தத்தில் பாதிதான் உயிராக உடம்பில் ஏறும். அக்காவோ வந்ததும் வராததுமாகக் கடித்தாள். முழுசாகக் குடித்தாள். "பாய்ஞ்ச வேகத்துல பிடிச்ச மாதிரிதான்" என்று தம்பி ஒவ்வொரு தடவையும் வக்காலத்து வாங்கினான்.

அன்று கதையில் ஓநாய்கள் குதறியதில் அக்காவுக்கு உயிர் போகிற காயம்.

"நான் வைத்தியச்சியக் கடிக்கறேன்" என்றாள் அக்கா, மிக்சர் எடுப்பதுபோல.

"அண்ணி, நான் உங்க பக்கத்து ஆளு! கட்டுப்போடத்தானே வந்துட்டிருக்கேன்?"

"உன் கட்டு எப்ப ஆறும்மா? ரத்தம்னா உடனே ஏறும்."

"சரி, முதல்ல என்னைப் பிடிங்க. பகடையப் போடுங்க."

"வீட்டுக்கு வரப்போற பொண்ணு, உன்னைப் பிடிக்க எனக்குப் பகடை வேணுமா? என்னடா தம்பி, வாயில கொழுக்கட்டையா?"

அவன் அக்காவைப் பார்த்தான். இவளைப் பார்த்தான். தான் எழுதிய சட்டத்தைத் தானே முதன்முறை படிக்கிறவன்போல் தாளைப் புரட்டினான்.

"அது வந்து... பாதிக் கடின்னு வெச்சுக்கலாமே" என்றான்.

பாதிக் கடியாம்! ஒரு விளையாட்டில், தானே போட்ட சட்டத்தை எடுத்துச் சொல்ல நாக்கு எழாத மகராசன், நாளைக்குத் தனிவீடு கேட்டுக் கிழித்துவிடுவான்!

"அப்ப கல்யாணமும் பாதின்னு வெச்சுக்கலாம். நிச்சயம் வரைக்கும் வந்தாச்சில்ல, அது போதும்."

இவள் விரலில் இருந்த நிச்சய மோதிரத்தைக் கழற்றி, மேஜை மேலிருந்த ஓநாய் பொம்மைகளுக்கு நடுவே வைத்தாள். அத்தான் கண் விழித்து, "யார் முறை?" என்றார்.

படிக்கட்டில் நின்று செருப்பை மெதுவாகத்தான் மாட்டினாள். ஓடிவர அவனுக்கு அவகாசம் இருக்கட்டும் என்று பாழும் மனசு இன்னும் கெஞ்சியது. திறந்திருந்த கதவு வழியே அக்காவின் குரல் கேட்டது.

"போனா போறா. கோபம் தணிஞ்சா வருவா. எனக்கு எவ்வளவுடா ஏறுச்சு?"

பகடை உருண்டது.

"ஆறு ஏறுச்சுக்கா."

அவள் போனை எடுத்து அம்மாவை அழைத்தபடியே இறங்கினாள். "நாளைக்கு யாரையும் வரச்சொல்லாதம்மா."