வியாழக்கிழமை வரை

ஆல்ட்யே மூன்றாவது முறை மோர்க்கஞ்சியை வாயருகே கொண்டுபோனபோது அப்பா கரண்டியைத் தள்ளிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். முப்பது வருஷம் செத்த உடம்புகளைத் திறந்து மாணவர்களுக்குக் காட்டிய கை. இன்னும் பிடி விடவில்லை.

"என் மாணவனுங்க வருவானுங்க. என்னைக் குடுத்துராதே. கீறாம, முழுசா மண்ணுல வை. சத்தியம் பண்ணு."

அவள் தாடையில் வழிந்த கஞ்சியைத் துடைத்தாள்.

"பண்ணுடி!"

"கஞ்சி ஆறுதுப்பா."

அம்மாவும் இதையேதான் கேட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன், பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் இதே கட்டிலில் கிடந்தபோது. சரி என்றார் அப்பா. மறுநாள் அவளைப் பாடக்கூடத்து மேசையில் கிடத்தினார். தூக்கில் தொங்கிய திருடர்களையே பார்த்துச் சலித்த மாணவர்களுக்கு அன்றைக்குப் பிள்ளை பெற்ற வயிறு கிடைத்தது. பதினாலு வயது ஆல்ட்யே கதறியபோது, "செத்த சதைக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று தலையைத் தடவினார். தடவிய கையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

மத்தியானத்துக்குள் அவர் போய்விட்டார். கேட்டது கிடைக்காமலே போனார்.

பக்கத்து வீட்டு நேல் வந்து, சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். வெந்நீர் போட்டாள். படகில் மூட்டை ஏற்றுகிறவனின் பெண்டாட்டி. சாவு விழுந்தால் உடம்பைக் கழுவிவிடுவது அண்டைவீட்டுக் கடமை.

"ஊரார் வயித்தையெல்லாம் கிழிச்ச மனுஷன், தன் வயித்துவலி என்னன்னு தெரியாமலே போயிட்டாரே," என்றாள் துணியைப் பிழிந்தபடி. "என் தம்பியத் தூக்குல இருந்து இறக்கி இவருதான் கீறுனாரு. பயப்படாதே, நல்லாத்தான் தேய்ச்சு விடுறேன்."

அப்போதுதான் யோரிஸ் வந்தான். அப்பாவிடம் படித்த அறுவை வைத்தியன். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"கேக்கவே கூச்சமா இருக்கு, ஆல்ட்யே. அந்த வயித்துவலி என்னன்னு திறந்து பாத்தா நாலு பேருக்கு உதவும். நீ வேணாம்னா இப்படியே திரும்பிப் போயிர்றேன். இதப் பத்தி அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

நேலின் கை நின்றது.

"கஞ்சி வேணாம்னாரு," என்றாள் ஆல்ட்யே.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. எடுத்துக்கிட்டுப் போங்க."

அவன் மூச்சுவிட்டான். "பாடக்கூடம் வியாழக்கிழமைதான் கிடைக்கும். இன்னும் மூணு நாள் இருக்கு. இந்தக் கணப்புச் சூட்டுல உடம்பு தாங்காதே."

"தாங்கும். நீங்க போங்க."

கதவு சாத்தியதும் அவள் இடுக்கியை எடுத்தாள். கணப்பில் விறகுக்குப் பதிலாகக் கனன்ற சதுப்புமண் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இரும்பு வாளியில் போட்டாள். பிறகு ஜன்னலை அகலத் திறந்தாள். உறைந்த கால்வாயின் காற்று நேராக உள்ளே வந்தது.

"அடியே, விறைக்குதுடி! இன்னும் காலே கழுவல."

ஆல்ட்யே திரும்பவில்லை. வெந்நீர் பட்ட அப்பாவின் நெஞ்சிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.