முகூர்த்தப் புடவையில் போண்டா

கோபிநாத்துக்குச் சர்க்கரை வந்தது ஆரணி டவுனுக்கே தெரியும். வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? "சோறுதாங்க விஷம்" என்று எதிரில் வந்தவனை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னால் தெரியாமல் என்ன செய்யும்?

டாக்டர் மாத்திரையைக் கூட்டப் போவதாகச் சொன்ன அன்றைக்கே கோபிநாத்தின் மனைவி சங்கீதா செல்போனில் நாலு வீடியோ பார்த்தாள். இட்லிப் பானை பரண் மேல் ஏறியது. காலையில் முட்டை, மத்தியானம் காலிஃபிளவரைத் துருவி வதக்கி சோறு என்று பொய்ப் பெயர் வைத்த ஒரு வஸ்து, ராத்திரி பன்னீர், நடுவில் பசித்தால் பாதாம். முதல் வாரம் மனுஷன் அழாத குறை. அடுத்த வாரம் பெல்ட் ஒரு ஓட்டை இறுகியதும் ஞானி ஆகிவிட்டார். ஞானி ஆனவர் தானும் சும்மா இருக்க மாட்டார், பக்கத்தில் இருப்பவனையும் சும்மா விட மாட்டார் இல்லையா?

அவருக்கு வேலை தருமன் முதலாளியின் பட்டுக் கடையில். நெசவுக்காரர்கள் நெய்து கொண்டுவரும் புடவையைப் பாயில் விரித்து, கரை, உடம்பு, முந்தானை என்று கையால் தடவித் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். இழை விட்டிருந்தால் விரல் சொல்லிவிடும். அந்த விரலுக்கு அப்படி ஒரு பேர். தடவிக்கொண்டே, "ராத்திரி இன்னா சாப்ட்டே?" என்று ஆரம்பிப்பார். இட்லி என்று எவனாவது சொல்லித் தொலைத்தால் அவ்வளவுதான். கணையத்தில் ஆரம்பித்துக் கால் விரலில் வந்து முடிப்பார். புடவையைக் கொடுத்துவிட்டு ஜல்தியாக பஸ் பிடிக்க வந்தவன் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் பாஸ் போட்டால்தானே அடுத்த புடவைக்குப் பாவு நூல் கிடைக்கும், தறி ஓடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கை பட்ட புடவை வந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த பாவு கிடையாது என்று கடையில் ஒரு சட்டம் உண்டு. போட்டது முதலாளி இல்லை, கோபிநாத்துதான்.

சரி, சோற்றை விட்டார், இட்லியை விட்டார், சர்க்கரை போட்ட காப்பியையும் விட்டார். விட முடியாதது நாலு மணி. கடைக்குப் பின்னால் ஒரு டீக்கடை. நாலு மணிக்கு அங்கே போண்டா எண்ணெயில் விழும், வாசனை ஜன்னல் வழியாக நேரே வந்து இவர் மூக்கில் உட்காரும். முதல் நாள் ஒன்றே ஒன்று வாங்கி, உள்ளே இருந்த உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுவிட்டு மேல்தோலை மட்டும் தின்றார். கடலைமாவுதானே, கடலை பருப்புதானே, பருப்பு புரோட்டீன்தானே! மறுநாள் கிழங்கை எறிவது பாவம் என்று தோன்றியது. அப்புறம் ஒன்று இரண்டானது. பாதாமை என்ன செய்தார் என்கிறீர்களா? அதையும் தின்றார். மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறக் கூடாதாம்.

தினம் நாலு மணிக்கு செல்போனைக் காதில் வைத்து, "ஹலோ, சிக்னல் இல்ல" என்றபடி எழுந்து போவார். குடோனில் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் குந்தி இரண்டையும் முடிப்பார். போண்டா சுற்றி வந்த பேப்பரிலும், பேண்ட் பாக்கெட்டின் உள்பக்கத்திலும் கையைத் துடைத்துக்கொண்டு, வியாபாரம் பேசி முடித்த முகத்தோடு திரும்புவார்.

அன்றைக்கும் அப்படித்தான் திரும்பினார். தேவிகாபுரத்திலிருந்து பொன்னுசாமி வந்திருந்தார். சந்தனக் கலர் உடம்பும் அரக்குக் கரையுமாக ஒரு முகூர்த்தப் புடவை. அவரும் அவர் மனைவி அம்மணியும் மாறி மாறித் தறியில் உட்கார்ந்து நெய்தது. வேலூர்ப் பார்ட்டி சாயந்திரம் எடுக்க வருவதால் முதலாளியே வந்து பக்கத்தில் நின்றார். போண்டாவுக்கு எழுந்து போகும் முன் பாதி பார்த்து வைத்திருந்த புடவையில் கோபிநாத் மீதிப் பாதியைத் தடவிக்கொண்டு போனார். பெருவிரலை எடுத்தார். எடுத்த இடத்தில், சந்தனக் கலரில், அழகாக ஒரு எண்ணெய் வட்டம்.

 விரலை மறுபடி அதே இடத்தில் வைத்து மூடப் பார்த்தார். முதலாளி அதற்குள் பார்த்துவிட்டார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார். கடலைமாவு வாசனை அடிக்கிறதே, யார் கை இது என்று கேட்டார்.

இங்கேதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. பொன்னுசாமி எழுந்து கைகட்டி நின்றார்.

"நான்தாங்க மொதலாளி. பஸ் ஸ்டாண்டுல எறங்கனதும் வாழக்கா பஜ்ஜி துன்னேன். கைய தொடச்சிக்கினுதான் புடவைய எடுத்தேன். எனக்கும் சக்கரதான். சார் சொன்னாருன்னு சோத்த விட்டேன், இந்த நாக்க விட முடியல. அதான் மாட்டிக்கினேன்."

சொல்லிவிட்டு அவர் பார்த்தது முதலாளியை இல்லை, கோபிநாத்தை. குருவின் பேச்சை மீறிய பையன் மாதிரி தலை குனிந்துகொண்டார். சட்டம் அவருக்கும் தெரியும். பாவு இல்லாமல் தறி சும்மா கிடக்கும், அம்மணி என்ன சொல்லுவாளோ என்று முணுமுணுத்தார். 

கோபிநாத் திருதிருவென்று விழித்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தப்பித்தார். சத்தியமாக அப்படியும் ஒரு நிமிஷம் நினைத்தார், அவருக்காக நான் பொய் சொல்லப் போவதில்லை. பஜ்ஜியும் கடலைமாவு, போண்டாவும் கடலைமாவு, எந்தப் போலீஸ் வந்து கண்டுபிடிக்கும்? ஆனால் அந்த மனுஷன் தன்னைப் பார்த்துத் தலை குனிந்தது தாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வலது கையை முதலாளி மூக்குக்கு நேரே நீட்டினார்.

"போண்டா. இப்பதான், குடோன்ல."

 பொன்னுசாமிக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பாவு தப்பித்தது என்று அவர் சந்தோஷப்படுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவருக்கு வந்தது கோபம். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"என் பொண்டாட்டி தெனம் கோஸ துருவி சோறுன்னு போடறா. உங்க மூஞ்சிய நெனச்சிக்கினு அத முழுங்கறேன். நீங்க குடோன்ல குந்திகினு போண்டா துன்னுகினு இருந்தீங்களா, சார்?"

 முதலாளி உள்ளே போய் முகப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, கறையின் மேல் தாராளமாகக் கொட்டி, பேப்பர் வைத்து அமுக்கினார். எண்ணெயைப் பவுடர் குடித்துவிட்டது. சாயந்திரம் வேலூரிலிருந்து வந்த கல்யாணப் பெண்ணின் அம்மா, ஆரணிப் புடவைக்குத் தனி வாசனை என்று மெச்சிக்கொண்டே வாங்கிப் போனாள்.

சட்டத்தை என்ன செய்வது என்று முதலாளி கேட்டபோது, அதைப் பொன்னுசாமியே சொல்லட்டும் என்றார் கோபிநாத். பொன்னுசாமி யோசித்தார். பெரிய தண்டனை எதுவும் வேண்டாம், இனிமேல் சார் புடவையைத் தொடும் முன்னால் கொண்டுவந்தவங்களுக்குத் தன் கையைக் காட்டட்டும், அது போதும் என்றார்.

அது போதுமாம்! மறு வாரத்திலிருந்து பார்க்க வேண்டுமே அந்தக் கூத்தை. நெசவுக்காரர்கள் புடவையைப் பையை விட்டு எடுக்கவே மாட்டார்கள். முதலில் கோபிநாத் கையை நீட்ட வேண்டும். பத்து விரலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் முடிச்சை அவிழ்ப்பார்கள். அதிலும் நாலு மணிக்கென்றே பஸ் பார்த்து வந்தார்கள் பாவிகள். மனுஷன் பேஜாராகிப் போனார். வீட்டில் சங்கீதாவிடம் போண்டாக் கதையைச் சொன்னால், பேண்ட் பாக்கெட்டைத் துவைப்பது யாரென்று நினைத்தீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கை படாமல் மிக்சரைப் பொட்டலத்தோடு வாயில் கொட்டிக்கொள்ள ஒரு நாள் முயற்சி செய்ததும் உண்டு. ஓமப்பொடி சட்டைக்குள் போய்ப் பகலெல்லாம் குத்தியதுதான் மிச்சம். நாலு மணி வாசனை உள்ளே வராதபடி ஜன்னலைச் சாத்தப் பழகினார். நாள் போகப் போக, சாத்த மறந்த நாளிலும் எழுந்து போகவில்லை.

ஒரு நாள் பொன்னுசாமிக்குப் பதில் அம்மணி வந்தாள். கோஸ் துருவித் துருவிக் கை காய்த்துப் போனவள். பத்து விரலையும் முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். திருப்தி இல்லை.

"வாயத் தொறங்க சார்."

கடையே திரும்பிப் பார்த்தது. கோபிநாத் வாயைத் திறந்தார். அம்மணி குனிந்து உள்ளே பார்த்து, மூச்சை இழுத்து, தலையை ஆட்டினாள்.

"பாதாம்தான்" என்று சொல்லிவிட்டுப் புடவையைப் பாயில் விரித்தாள்.

கோபிநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக ஊரார் புடவைக்கெல்லாம் பாஸ் போட்டவருக்கு ஒருத்தர் பாஸ் போட்டது அன்றைக்குத்தான்.